கால எடு, கிறிஸ்டி

இதைச் சொல்லும்போது சிரிப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. இடது முழங்கையைக் காட்டிவிடுவேன். ஒன்பது தையல். கார் கண்ணாடி கிழித்தது. பேய் வர ராத்திரி வேண்டும், அமாவாசை வேண்டும், புளியமரம் வேண்டும் என்பதெல்லாம் சும்மா. எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலேகாலுக்கு. பீர்க்கன்கரணையில், என் சொந்த வீட்டு கார் ஷெட்டில், டியூப் லைட் வெளிச்சத்தில்.

என் பெயர் ஜெபகுமார். தாம்பரத்தில் ஏசி ரிப்பேர் வேலை. வெல்டிங் நன்றாக வரும், அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு. பதினெட்டு வருஷப் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜினில் ஆரம்பித்து வண்டியின் பின்பக்கம் வரை முழு சைலன்சர் லைனையும் நானே வீட்டில் செய்து மாட்ட வேண்டும் என்று போன வருஷம் ஒரு கிறுக்குப் பிடித்தது. ரோட்டில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கனமான சத்தம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பைப்பும் வளைவுத் துண்டுகளும் புதிதாக வாங்கினேன். சைலன்சர் டப்பா மட்டும் பழசு. பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் சவுரிமுத்துவிடம் கிடைத்தது. எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு சார் உனுக்கு? தட்டிப் பாரு, ஓட்ட இல்ல. எத்துகினு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதை நானும் செய்திருந்தேன். ஷட்டரை இறக்கி, உள்பக்கம் மணல் மூட்டை அடுக்கி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிடுவோம். தண்ணீர் வராது. காற்றும் வராது. எதிர்வீட்டு யக்ஞநாராயணன் சார், ரிட்டயர்டு மனிதர், என் கிரைண்டர் சத்தத்தைப் பற்றித் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு முறை போட்டிருந்தார். அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது. ஷட்டரைத் திறக்கவே கூடாது என்று இருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா!

மதியம் 3:40. காரின் நாலு சக்கரத்தையும் ஹாலோ பிளாக் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன். கடைசியாகச் சைலன்சர் டப்பாவைத் தூக்கினேன். காலையிலிருந்து ஈரத்தரையில் கிடந்த இரும்பு அது. சுட்டது. இப்போதுதான் வண்டி ஓடி நின்ற மாதிரி ஒரு சூடு. பக்கத்தில் வெல்டிங் நடந்ததால் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பற்ற வைத்து முடித்தபின் லீக் பார்க்க வேண்டும். பின்னால் புகை வரும் வாயை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, ஒருவர் ஆக்ஸிலேட்டரை அழுத்த வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, ஒட்டிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். லீக் இருந்தால் நுரை கிளம்பும்.

என் மனைவி கிறிஸ்டினாவைக் கூப்பிட்டு, மூட்டைகளை நகர்த்தி, அவள் குனிந்து நுழையும் அளவுக்கு மட்டும் ஷட்டரைத் தூக்கினேன். வந்தவுடன் ஷட்டரைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, அத முழுசாத் தூக்கி வைங்களேன். புகை அடைக்கும்."

"ரெண்டே நிமிஷம் கிறிஸ்டி. தூக்குனா அந்தாளு மறுபடியும் குரூப்ல ஒப்பாரி வைப்பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஏற்பாடு சுலபம்தான். நான் "கொடு" என்றால் அழுத்த வேண்டும். "கால எடு" என்றால் எடுத்துவிட வேண்டும். அவள் உட்கார்ந்த பிறகு நானே ஷட்டரை இறக்கினேன். மூட்டைகளை மறுபடி அடுக்கினேன். சாக்கையும் திணித்தேன்.

4:12. இன்ஜின் ஓட ஆரம்பித்தது. நான் கீழே நுழைந்தேன்.

"கொடு."

கொடுத்தாள். முதல் இணைப்பில் நுரை இல்லை.

"கால எடு."

எடுத்தாள். சத்தம் அடங்கியது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

4:16 இருக்கும். டப்... என்று ஒரு கதவு சாத்தும் சத்தம். இடது பக்கக் கதவு. தொடர்ந்து என் தலைக்கு மேலே ஸ்பிரிங் முனகியது. க்ரீக்... காரின் இடது பக்கம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. யாராவது ஏறி உட்கார்ந்தால் இறங்குமே, அப்படி.

கிறிஸ்டினா உட்கார்ந்திருந்தது வலது பக்கம்.

நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். தரையில் கால் எதுவும் தெரியவில்லை. ஷட்டர் இறங்கியபடியே இருந்தது. மூட்டை நகரவில்லை.

"கிறிஸ்டி, யாரு?"

நான் சொல்லாமலே இன்ஜின் சத்தம் ஏறியது.

"கால எடு!"

எடுக்கவில்லை. இன்னும் ஏறியது. பின்னால் அடைத்திருந்த துணி தெறித்து விழுந்து, புகை கொட்டியது. எனக்குத் தலை கனத்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

"கால எடு கிறிஸ்டி! வெளையாடாத!"

உறுமல்... அலறலாக மாறியது...

புரண்டு வெளியே வந்தேன். எழுந்து நிற்க முடியவில்லை. கார் கதவைப் பிடித்து எழுந்தேன்.

அவள் தலை ஸ்டீயரிங் மேல் கிடந்தது.

வலது கால் மட்டும் மிதியில். முழுசாக அழுந்தி.

சேலை... முட்டியில் குழிந்திருந்தது. ஐந்து இடத்தில். விரல் பதிந்த மாதிரி.

விரல் இல்லை.

"இயேசப்பா!"

கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தேன்.

கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். நின்றது.

4:26.

அவளைத் தரையில் இழுத்துப் போட்டேன். ஷட்டரைத் தூக்கக் கையில் பலம் இல்லை. தட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது. ஷட்டர் வெளியிலிருந்து ஏறியது. மழையில் நனைந்தபடி யக்ஞநாராயணன் சார் நின்றார். சத்தம் தாங்காமல் திட்டுவதற்காக வந்திருக்கிறார். வாயைக்கூட அசைக்க முடியாமல் கிடந்த என்னையும், அவளையும் அந்த எழுபது வயது மனிதர் வாசலுக்கு இழுத்துப் போட்டார். தன் காரில் ஏற்றும்போது என் ஷெட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஜெபகுமார், முன் சீட்ல இன்னொருத்தர் உக்காந்துண்டிருக்காரே, அவரையும் எழுப்ப வேண்டாமா?"

நான் திரும்பவில்லை. போங்க சார், போங்க என்று கை காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, இரவு எட்டு மணிக்கு மேல்தான் கிறிஸ்டினா பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க கத்துனது எல்லாம் கேட்டுச்சுங்க. பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. என்னால திரும்ப முடியல. முட்டி மேல கைய வெச்சு அழுத்திட்டே இருந்தாங்க. காலை எடுக்க விடல."

புகை மூளைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்றார் டாக்டர். இருக்கலாம். நானும் கிறிஸ்டினாவும் புகை குடித்தோம். யக்ஞநாராயணன் சார் குடிக்கவில்லையே.

வியாழக்கிழமை அந்தச் சைலன்சரை அறுத்தெடுத்து, சவுரிமுத்துவின் கடை வாசலில் போட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அடித்திருப்பேன். என் கைக்கட்டைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் செத்துப்போனது.

"சொல்லு. இது யாரு வண்டில இருந்துச்சு?"

"மேடவாக்கத்தாண்ட ஒருத்தரு சார். ஷ்யாம்சுந்தர்னு பேரு. கல்யாணம் ஆவல, தனியாதான் இருந்தாரு. உன்ன மாதிரியே வூட்ல அவரே சைலன்சர் லைன கட்டினாரு. ஷெட்டுக்குள்ள வண்டிய ஓடவுட்டு, புகையில செத்துப் பூட்டாரு. உள்பக்கமா தாப்பா போட்டுகீது. மறுநாளு ஒடச்சுதான் தூக்குனாங்கோ."

"டிரைவர் சீட்லயா?"

அவர் சைலன்சரைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இல்ல சார். பக்கத்து சீட்ல. ஒரு கைய இப்புடி நீட்டிகினு."

"அப்ப ஆக்ஸிலேட்டர யாரு அழுத்துனது?"

"அதான் சார் போலீசும் கேட்டுச்சு. அந்த வண்டிய எடுக்கப் போனவன் நான்தான். மிதிக்குக் கீழ ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு கெடந்துச்சு. தெருவெல்லாம் விசாரிச்சாங்கோ. எந்த வூட்லயும் எந்தப் பொம்பளையும் காணாமப் போவல. வெளிய போறதுக்கு வழியும் கெடையாது. செருப்பு மட்டும் கீது சார். ஆளு இல்ல."

கிறிஸ்டினாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ராத்திரியில் மட்டும் நான் எழுந்து எழுந்து அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். அன்று கண்ணாடியை உடைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால், அந்த சீட்டில் எனக்கு அவளுடைய உடல்கூடக் கிடைத்திருக்காது, செருப்பு மட்டும்தான்.