மீனம்மா வீட்டுக்கு இறங்கும் வயர்

மீனம்மா அக்காவின் வாய்க்குப் பயப்படாத கங்காணி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததில்லை. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். நிறுவையில் கொஞ்சம் குறைந்தாலும் அவர் போடுகிற சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் போன மாதம் போன் எடுத்து அழாத குறையாகப் பேசினார்.

"அன்டன் தம்பி, வீட்டு லைட்டு விட்டு விட்டு எரியுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வீட்டு வயரிங் செய்கிறவன். கீழே மின் நிலையத்துக்குக் குழாய் குழாயாகத் தண்ணீர் இறங்கி ஊருக்கெல்லாம் கரண்ட் போகிறது. மேலே தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒரு பல்பு ஒழுங்காக எரிவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நான் போவதற்குள் அக்கா குற்றவாளியையே பிடித்து வைத்திருந்தார். மீட்டர் இருப்பது மேல் லயத்துக் கணேசமூர்த்தி வீட்டுச் சுவரில். அங்கிருந்துதான் பள்ளத்தில் இருக்கும் இவர் வீட்டுக்கு வயர் இறங்குகிறது. "நடுவுல களவா கரண்ட் எடுக்கிறாரு" என்று லயமே கேட்க ஏசியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

பல்பை மாற்றினேன். சிமிட்டியது. ஹோல்டர், சுவிட்ச் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். பழுதில்லை. கணேசமூர்த்தி அண்ணனிடம் போய் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிறுத்தினார். அப்போதும் சிமிட்டியது. பாவம், அந்த மனுஷன் சும்மா ஏச்சு வாங்கியிருக்கிறார்.

பிறகு வயரைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினேன். அதை இழுத்தவன் நான்தான், தளர்வாகத் தொங்கவிட்டிருந்தேன். இப்போது விறைத்து நின்றது. அக்கா வீட்டுச் சுவரில் இருந்த ஜொயின்ட் பாதி பிடுங்கிக்கொண்டு, காற்று அடிக்கும்போதெல்லாம் தொட்டும் விட்டும் ஆடியது. வயர் குறுகாது. வீடுதான் இறங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். அடுப்பு வைத்த குசினிச் சுவரோரம் நிலம் என் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சாக்கை அடைத்து மேலே களிமண் பூசியிருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை.

"அக்கா, இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய பல்பு பாரு, சுவிட்ச் பாருன்னு அலைய விட்டீங்க?"

"வேற எதாச்சுமா இருக்கட்டும்னு பாத்தேன் தம்பி. மூர்த்தி அண்ணன் களவெடுத்திருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

கோபத்தில் கத்தப்போனவன் வாசலுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் கணவர் செல்லசாமி அண்ணன் படுத்திருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போனவர். முந்திய பெருமழையில் மண் சரியும் என்று அவரைக் கம்பளியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். சிமெந்துத் தரையில் கிடந்தார். முதுகெல்லாம் புண். பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"வெடிப்ப பாத்தா வெளிய போகச் சொல்லுவாங்க தம்பி. எங்க போறதுன்னு யாரும் சொல்றதில்ல. அதான் பூசிட்டேன்."

மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். சொல்லுங்கள் என்று தலையசைத்தார். யாரிடம் என்று இருவரும் யோசித்துப் பார்த்தோம். முன்பு வீட்டுக்குப் போகச் சொன்ன அதே ஆட்கள்தான்.

கணேசமூர்த்தி அண்ணன் எப்போது இறங்கி வந்தாரோ தெரியாது. பிளவைப் பார்த்துவிட்டு நின்றார். அக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மழ கூடினா ஒரு சத்தம் போடு மீனம்மா. செல்லசாமிய நான் தூக்குறேன்."

அவ்வளவுதான் சொன்னார். மேலே போய் மீட்டரடியில் கரண்டை நிறுத்திவிட்டு வந்து எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அறுந்துகொண்டிருந்த ஜொயின்டை வெட்டிப் புது வயர் சேர்த்தேன். எவ்வளவு தளர்வு விடுவது என்று கை நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. கீழே நின்ற அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் தாராளமாவே விடுங்க தம்பி. இந்த மழைக்கு இன்னும் எறங்கும்ல."

கொண்டுபோயிருந்த வயர் அத்தனையையும் விட்டேன்.