குப்புறப் படுத்தவர்கள்

நான் படம் வரைகிறவள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வரைகிறேன். முதல் இருபது வருடம் என்ன வரைகிறாய் என்று இங்கே ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. பிறகு திடீரென்று எங்களுக்கும் ஒரு காலம் வந்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்ட கலைஞர்கள் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். படம் எப்படி என்று கேட்கிறவர்களைவிட, காயம் எப்படி என்று கேட்கிறவர்கள்தான் கூடிப்போனார்கள்.

அப்படித்தான் அந்த ஆறு சனிக்கிழமைகளும் வந்தன. எங்களைப் போன்ற கலைஞர்கள் ஒன்றுகூடி மூச்சைக் கவனித்து, மனதை ஆற்றிக்கொள்வதாம். மைண்ட்ஃபுல்னெஸ். ஆறு வாரமும் வந்தவர்களுக்குக் கடைசி நாள் நிகழ்ச்சியில் இடம் உண்டு. வரைகிறவருக்கு ஒரு சுவர், நடிப்பவருக்குப் பத்து நிமிடம். மூச்சு எனக்கு ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது. சுவர்தான் இல்லை.

தனியே போக மனமில்லாமல், தெரிந்த நடிகர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பகிடி நடிகர். ஊரில் அவர் மேடையில் ஏறி வேட்டியைச் சரிசெய்தாலே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். இங்கே வெம்பிளியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நிற்கிறார். மேடை ஏறிப் பல வருடம். ஆனால் ஒரு தனி நடிப்பை எழுதி வைத்திருந்தார்: நீ செத்துவிட்டாய் என்று நகரசபைக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்த ஒருவன், தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கவுன்சிலுக்குப் போய் வரிசையில் நிற்கிறான். கல்லாவுக்குப் பின்னால் நின்றே ஒருநாள் எனக்கு அதை நடித்துக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் பெற்றோல் அடிக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

"உவையின்ர மூச்சுப் பயிற்சி எனக்கு வேண்டாம் தங்கச்சி. மேடை தருவினமெண்டால் சொல்லும், வாறன்" என்றார்.

"தருவினம் அண்ணை. நான் பொறுப்பு" என்றேன்.

முதல் சனிக்கிழமை. மண்டபத்தில் ஆளுக்கொரு பாய். நடத்தியவர் மெதுவாகப் பேசும் ஒரு பெண். தகப்பன் பம்பாய்க்காரர் என்பதால், "எங்கள் காயம்" என்றே எதையும் சொன்னார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

எல்லோரும் தரையில் படுத்துக் கண்ணை மூடுங்கள் என்றார். படுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன்: சுற்றிவர எல்லோரும் மல்லாந்து கிடக்கிறார்கள். நானும் நடிகரும் மட்டும் குப்புற. முழங்கை தரையில், நெஞ்சு நிலத்தில் படாமல், வாய் திறந்தபடி. ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல் வந்து விழும்போது எப்படிப் படுக்கச் சொல்லித் தந்தார்களோ அப்படியே. ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை. படு என்றதும் உடம்பு தன்பாட்டுக்குப் படுத்துவிட்டது.

அவரும் அதே நேரம் என்னைப் பார்த்துவிட்டார். "படுக்கக்கூடத் தெரியாமல் வந்திருக்கிறம்" என்று கிசுகிசுத்தார். அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்த ஆறு வாரத்தில் எனக்கு ஏதாவது ஆறியதென்றால் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

நடத்தியவர் நாங்கள் அழுகிறோம் என்று நினைத்துவிட்டார். வந்து என் முதுகில் கைவைத்து, ஏன் இப்படிப் படுத்தீர்கள் என்று கேட்டார். பழக்கதோஷம் என்று சொல்லித் திரும்பிப் படுத்திருக்கலாம். ஆனால் யாராவது அன்பாகக் கேட்டால் என் வாய் நிற்காது. நெஞ்சை ஏன் தூக்க வேண்டும், வாயை ஏன் திறக்க வேண்டும், வெடியதிர்வில் நெஞ்சும் காதும் கிழியாமலிருக்க என்று எல்லாம் சொன்னேன். சுற்றியிருந்தவர்களின் கண் கலங்கியது. நடத்தியவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"என்ன சொன்னனீர்?" என்று வெளியே வந்ததும் நடிகர் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் கல்லாவுக்குப் போதும், இதற்குப் போதாது.

"ஏன் குப்புறப் படுத்தனாங்கள் எண்டு கேட்டவ. சொன்னன்."

"நாங்கள் சிரிச்சதைச் சொன்னனீரோ?"

"இல்லை அண்ணை."

ஐந்தாவது வாரம், மண்டபத்துச் சமையலறையில், நடிகர் தன் கவுன்சில் நடிப்பை நடத்தியவருக்கு நடித்துக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். நடத்தியவர் புன்னகையோடு பார்த்தார். அருமை, ஆனால் அன்று வருகிறவர்கள் உங்கள் உண்மையைப் பார்க்க வருகிறார்கள் என்றார். முதல் நாள் படுத்தமாதிரி இவர் மேடையில் படுக்கட்டும், நீங்கள் அன்று சொன்னதை வாசியுங்கள், இவருக்குப் பேச்சே வேண்டாம் என்றார். அதே மூச்சில், வாசலுக்கு நேரே இருக்கும் பெரிய சுவர் எனக்குத்தான் என்றும் சொன்னார்.

"அப்ப கவுன்சில்காரன்?" என்று நடிகர் என்னைக் கேட்டார்.

"அது அடுத்தமுறை எண்டுறா" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. அந்தப் பொய் முழுக்க என்னுடையது.

கடைசிச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. என் படங்கள் பெரிய சுவரில் தொங்கின. நடிகர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான் மைக்குக்கு முன்னால் காகிதத்தோடு நின்றேன். அவர் நடுவில் வந்து, தரையை ஒருமுறை பார்த்து, மெதுவாகப் படுத்தார். மல்லாந்து. உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடி, ஆறு வாரமும் எங்களுக்குப் பழக்கினார்களே, அச்சுப் பிசகாமல் அப்படியே.

முன்வரிசையில் இருந்த நடத்தியவர் பதறி, திரும்பிப் படுங்கள் என்று கையால் காட்டினார். நடிகர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"திரும்பக் குப்புறவோ? இப்பதானே பிள்ளை, ஒரு மாதிரி நிமிர்ந்து படுக்கப் பழகினனான்!"

சொல்லிவிட்டு அப்படியே காத்திருந்தார். சிரிப்புக்கு இடம் விட்டு ஒரு நடிகர் காத்திருப்பது எனக்குத் தெரியும். தமிழ் விளங்காத சனம் முழுக்க என்னைப் பார்த்தது. மைக் என் கையில் இருந்தது. ஒரு வரி, ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் மண்டபமே சிரித்திருக்கும்.

நான் காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். நெஞ்சை ஏன் தூக்க வேண்டும், வாயை ஏன் திறக்க வேண்டும். அவர் கொஞ்சம் பொறுத்து, உருண்டு, குப்புறப் படுத்தார். பலர் அழுதார்கள். கைதட்டல் ஓய நீண்ட நேரம் ஆனது. என் படங்களுக்கு முன்னாலும் கூட்டம் நின்றது.

இருவரும் ஸ்டேஷன்வரை ஒன்றாக நடந்தோம். நான் கோலியர்ஸ் வுட் பக்கம், அவர் வெம்பிளி. பிரியும் இடம் வந்ததும் அவர் நின்று கேட்டார்.

"பகிடி சரிவரேல்லையோ தங்கச்சி?"

"சரியாத்தான் வந்தது அண்ணை. நல்ல பகிடி."

"அங்க அது விளங்கின ஒரே ஆள் நீர்தானே" என்றார். "நீராவது சிரிச்சிருக்கலாம்."