எனக்குக் கிடைத்த மிராசுதார் வேடம்

நான் மிராசுதாராக இருந்தது மொத்தம் ஒரு மாதம். அப்போது எனக்கு ஒன்பது வயது. இரட்டைச் சடை, அடுப்புக்கரி மீசை.

நன்னிலத்துப் பக்கம், விவசாயக் கூலிகளின் தெரு எங்களுடையது. வாய்க்கால் கரையில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு, அதற்குக் கலை மன்றம் என்று பெயர் வைத்திருந்தார் சித்தப்பா. பறை பழகுகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள், தட்டிகளில் படம் எழுதுகிறவர் எல்லாருக்கும் அதுதான் இடம். அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இன்றைக்கு நாலு பேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பிழைக்கிறேன் என்றால், என் புண்ணியமும் கேட்கிறவர்களின் பாவமும் அந்தக் கொட்டகையையே சேரும்.

அந்த வருடப் பொங்கலுக்கு நாடகம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் களத்தில் மரக்கால் மாறவில்லை. கூலி நெல் அளப்பதற்கென்றே மிராசுதார் ஒரு பழைய மரக்கால் வைத்திருந்தார். அடிப்பலகையைக் கொஞ்சம் மேலே ஏற்றி அடித்தது. சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலைவிட இரண்டு பிடி குறையும். முத்திரை மரக்காலால் அளக்கச் சொல்லி ஒரு தொழிலாளி மிராசுதாரிடம் கேட்கிறார். அவ்வளவுதான் கதை. தொழிலாளி, என் அப்பா.

மிராசுதார் வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவரை ஏசுவதற்கு எங்கள் தெருவில் எந்த ஆம்பளைக்கும் வரவில்லை; உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. வீட்டில் எல்லாரையும் ஏசிப் பழகியிருந்தேன். கடைத்தெரு பாய் தன் கடை நாற்காலியை இரவல் கொடுத்தார்.

சிரமமெல்லாம் அப்பாவுக்குத்தான். அடுக்குமொழி பேசாதவன் ஊமை என்று கருதப்பட்ட காலம் அது; சித்தப்பா ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொடுத்தார். அது அப்பாவின் வாயில் நிற்காமல் தேய்ந்து தேய்ந்து ஒரே வரியாயிற்று. அந்த ஒரு வரியும் வரவில்லை. நான் உட்கார்ந்து கனைத்ததும் அப்பாவின் கை தானாகத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டும். மிராசுதார் முன்னால் அப்படித்தான் நிற்கவேண்டும். பிறகு முதுகு வளையும், வாய் மூடிக்கொள்ளும்.

"அண்ணே, ஒக்காந்திருக்கிறது உங்க மவதான்," என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியுதுடா. இந்தக் கைக்குத் தெரியலயே."

காணும் பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் மேடையேறிக் கனைத்தேன். முன்வரிசையில் மூன்று பெரியவர்கள் சட்டென்று எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்கள். என் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று அதைப் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்து நின்றார். துண்டு இடுப்புக்குப் போனது. வசனப்படி, "என்னடா?" என்றேன். முதுகு வளைந்தது. இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தேன். மிராசுதாருக்கே பொறுக்கவில்லை.

"முத்திர மரக்கால்ல அளங்கன்னு சொல்லுப்பா," என்றேன்.

கூட்டம் சிரித்துப் புரண்டது. சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கூலிக்காரருக்காக வாதாடிய மிராசுதார் தஞ்சை ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

பத்து நாள் கழித்து அறுப்பு. களத்தில் நெல் குவிந்திருந்தது. நிஜ மிராசுதார் வேப்பமரத்தடியில், நிஜ நாற்காலியில். சிந்திய கதிர் பொறுக்க நானும் போயிருந்தேன். அவருடைய கணக்குவழக்கு பார்க்கும் காரியக்காரர் பழைய மரக்காலைக் கையில் எடுத்தார். அப்பா முன்னால் போனார். கை தோளுக்குப் போயிற்று, துண்டைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது.

"முத்திர மரக்கால்ல அளங்க."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டு, நெல்லைத் தொடாமல் வெயிலில் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் முத்திரை மரக்கால் வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேடையில் என் மானத்தை வாங்கிவிட்டு, கைதட்ட ஆளில்லாத இடத்தில், யாரோ ஒருவரிடம் போய் என் காட்சியை இவ்வளவு நன்றாக நடிக்கலாமா? சாயங்காலம்வரை அப்பாவோடு பேசவில்லை.

அப்பா என்னை மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாயிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது.

"இப்பச் சொல்லவா, பாப்பா?"

"நாடகந்தான் முடிஞ்சிபோச்சே. இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றேன் நான்.