சூடில்லாத வெளிச்சம்

வீரபத்திரன் என்று பெயர் சொல்லிக் கேட்டால் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் யாருக்கும் தெரியாது. பல்பு ரிப்பேர்காரர் என்றால் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அவர் என் பாவா, அக்கா பிரேமாவின் வீட்டுக்காரர். கடை என்று பேருக்குச் சொல்கிறோம். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் விட்டுப்போன சந்து அது. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு சால்டரிங் கம்பி, இருபத்திரண்டு வருஷமாக அதே ஆள். குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது.

சி.எஃப்.எல். பல்பு ஓடிய காலத்தில் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. எரியவில்லை என்று பத்துப் பல்பு வந்தால் எட்டை எரியவைத்துவிடுவார். மேலே இருக்கிற கண்ணாடிக் குழாய் நன்றாகத்தான் இருக்கும், அடியில் இருக்கிற போர்டு சூட்டிலேயே வெந்து செத்துப்போகிறது என்பார். அப்புறம் எல்.இ.டி. வந்தது. எரியவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்றாகிவிட்டது. ஆட்கள் திரும்ப வந்து வாங்கிக்கொள்ளாத பல்புகள் மூன்று கோணிப்பையில் வீட்டுப் பரணுக்கு ஏறின. அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் பல தடவை கத்தியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம், ஊரறிந்த விஷயம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கன்னியம்மாள். கே.ஜி.கண்டிகையில் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து வருகை போடுகிறவள். போட்டோவுக்கு நின்றுவிட்டு மறைந்துபோகிறவர்கள், அக்கா பேருக்கு வந்து நிற்கிற தங்கைகள், செத்துப்போன மாமியாரை நாலாவது தடவையாகச் சாகடிக்கிறவர்கள் என்று தினமும் பார்க்கிறேன். பொய் கேட்டுக் கேட்டு, எதிரில் நிற்கிறவர் வாயைத் திறக்கும்போதே இது பொய் என்று முடிவு கட்டுகிற புத்தி வந்துவிட்டது. அதுதான் வீட்டிலும் வினையாக முடிந்தது.

அக்கா முப்பது வருஷம் கண்டிகைச் சாமந்தித் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்தவள். திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட பிறகும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்தது. முட்டிகள் வீங்கின, முடி கொட்டியது. சூட்டுக் கொப்புளம் என்று வேப்பிலை அரைத்துப் பூசினோம். வேலூரில் பார்த்து லூபஸ் என்றார்கள். உடம்பே உடம்பை எதிர்த்துக்கொள்கிற வியாதியாம். மாத்திரையை விடக்கூடாது, வெயில் மேலே படவே கூடாது. கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் பழுதாகியிருக்கிறது, இன்னொரு தடவை இது பெரிசாகக் கிளம்பினால் கிட்னி தாங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்.

கோடையில் டி.வி.யில் டிகிரி வாசிக்கும்போது எங்கள் ஊர் பெயர் தப்பாமல் வரும். அந்த ஊரில் வெயில் படாமல் இருப்பது என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான். பாவா ஜன்னலுக்கு இரட்டைப் போர்வை கட்டினார், ஓட்டில் ஓட்டை அடைத்தார். அக்கா அந்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் வருஷம் புலம்பினாள். இரண்டாவது வருஷம் பேச்சே குறைந்துபோனது. நான் ஞாயிற்றுக்கிழமை போனால், வா என்பாள், போய்ட்டு வா என்பாள், நடுவில் ஒன்றுமிருக்காது. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் பாவா கேட்டிருக்கிறார், உனக்கு இன்னா வேணும் என்று. ஒரு சாமந்திச் செடி வேண்டும், கண்டிகை மண்ணில் இருக்க வேண்டும் என்றாளாம்.

இருட்டு அறையில் செடி எங்கே பிழைக்கும்? வாங்கிவந்த இரண்டும் பத்து நாளில் வெளுத்துத் தலை சாய்ந்தன. அப்போதுதான் பரணிலிருந்து கோணிப்பை இறங்கியது. கடையில் வேலையில்லாத மத்தியானங்களில் எல்லாம் பாவா இதையே செய்தார். பல்பின் பிளாஸ்டிக் அடியை ஹாக்சா பிளேடால் சுற்றி அறுப்பார். கண்ணாடி உடையாமல் குழாயைத் தனியாக, போர்டைத் தனியாகப் பிரிப்பார். குழாயின் நாலு கம்பியிலும் நீள ஒயர் சேர்த்து, போர்டுகளை எல்லாம் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்துச் சுவருக்கு வெளியே மாட்டினார். சூடு எல்லாம் அந்தப் போர்டில்தான், அது வெளியே போய்விட்டது. உள்ளே குழாய் மட்டும். பன்னிரண்டு குழாய்களை எவர்சில்வர் தாம்பாளத்தின் அடியில் கட்டி, செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று காற்று ஊதியது.

எரியவைத்துக் காட்டிய அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வெள்ளைப் பூச்சு அங்கங்கே உதிர்ந்த பழைய குழாய்களைக்கூட அவர் விடவில்லை, அதுவும் எரிகிறதே என்றார்.

"கைய வெச்சிப் பாரு கன்னி. சூடே கெடையாது. வெயில் இல்லாத வெளிச்சம்" என்றார்.

நானும் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. வெயில் என்றால் சூடு, சூடு இல்லாவிட்டால் வெயில் இல்லை, இதில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது என்றுதான் எங்கள் மூன்று பேர் புத்திக்கும் தோன்றியது. டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடியில் ஆறு தொட்டி வைத்தார். கண்டிகையிலிருந்து செம்மண்ணை மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். செடி பிடித்துக்கொண்டது, இலை கருகருவென்று வந்தது. அக்கா பாயைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நுனி கிள்ளினாள், மண்ணைக் கிளறினாள், பழுப்பு இலை எடுத்தாள். என்னிடம் பேசினாள். தோட்டத்துக்காரர் யாருக்குப் பெண் கொடுத்தார், யார் வீட்டில் சண்டை என்று கேட்டாள். பாவாவை நான் திட்டிய திட்டெல்லாம் அன்றைக்கு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

ஒன்றை மட்டும் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். காலை ஐந்து மணியிலிருந்து படுக்கப்போகும்வரை விளக்கு எரிந்தால் சாமந்தி மொட்டு வைக்காது, தோட்டத்தில் தெருவிளக்குக்கு நேர் கீழே இருக்கிற செடி வரிசை மட்டும் எப்போதும் இலையாகவே நிற்கும், இதற்கும் இருட்டு வேண்டும் என்றாள். பாவா கேட்கவில்லை. வெளிச்சம் அதிகமானால் செடிக்கு நல்லதுதானே என்று இன்னும் இரண்டு குழாய் சேர்த்தார்.

ஐப்பசியில் அவளுக்குத் திரும்பவும் கிளம்பியது. கன்னம் சிவந்தது, கைத்தோல் தடித்தது, கால் வீங்கியது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெயிலில் போனீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். போகவில்லை என்றாள் அக்கா. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் செம்மண்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. பாவா கடைக்குப் போனதும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போகிறாயா, எத்தனை நாளாக இது நடக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். தொட்டி மண்ணுதாண்டி என்றாள். ஒரு வாரமாக மழை, வெளியே வெயிலே இல்லையே என்றாள். மூடின வானத்திலும் வெயில் உண்டு என்று டாக்டர் சொன்னதை அவள் மேலேயே எறிந்தேன். நான் பார்க்காத பொய்யா?

"சாவணும்னு ஆசை இருந்தா சொல்லிட்டு சாவு. அந்த மனுஷன ஏன் இந்தப் பாடு படுத்துற" என்றேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து பாவா கடைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். அக்கா கூப்பிட்டால் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் திறந்துவிடுவாள் என்று ஏற்பாடு. நான் சொல்லித்தான் போட்டார். அக்கா அந்த அறையில், அந்த விளக்கின் பக்கத்தில், முன்னைவிட அதிக நேரம் கிடந்தாள். மாத்திரையைக் கூட்டியும் குறையவில்லை. கார்த்திகையில் முகமும் வீங்கியது. கிட்னியிலிருந்து சிறுநீரில் இறங்குகிற புரதம் இரண்டு மடங்காகிவிட்டது, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும் என்றார்கள். பாவா ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எண்ணெய் தடவிவிட்டேன். வலது கை முழுக்கச் சொரசொரவென்று சிவந்து கிடந்தது. இடது கை சுத்தமாக இருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது கன்னம் கன்றிப்போயிருந்தது, இடது கன்னத்தில் லேசான தடம்தான். சூரியன் ஒரு பக்கமாகவா ஒருத்தியைச் சுடும்? எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா எப்போதும் போல் பாயில் கால் நீட்டி இருந்தாள். தொட்டிகள் அவளுக்கு வலது பக்கம்.

எழுந்து ஸ்விட்சை அணைத்தேன். பாவா பதறிக்கொண்டு வந்தார். அக்காவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். பார்த்தார். அண்ணாந்து தாம்பாளத்தைப் பார்த்தார். "சூடே இல்லையே கன்னி" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் விளக்கின் போட்டோவை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. சூடு ஒரு காரணமே இல்லை, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது, இந்தக் குழாயிலிருந்தும் அது கொஞ்சம் கசியும், பூச்சு உதிர்ந்தால் இன்னும் கசியும், ஒரு முழம் தூரத்தில் நாளெல்லாம் உட்கார்ந்தால் இவர்கள் உடம்பு தாங்காது என்றார். கூட வந்திருந்த பாவா வீட்டுக்கு வந்ததும் தாம்பாளத்தை அறுத்து இறக்கப் போனார்.

"செடி செத்துடும்ங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் வெளியே போன பிறகு நான் கேட்டேன், ஒரு பக்கம் மட்டும் எரிந்தது உனக்குத் தெரியாதா என்று. ஒரு மாதமாகத் தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு என்னை நேராகப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குப் போகலன்னு எத்தினி தபா சொன்னேன். இருட்டு வேணும்னு அவருகிட்ட எத்தினி தபா சொன்னேன். அதுக்கப்பறம் எதுக்குச் சொல்லிகினு."

இப்போது விளக்கு பின்கட்டில், கதவு சாத்திய சாமான் அறையில் எரிகிறது. காலையில் பாவா கடைக்குப் போகுமுன் ஆறு தொட்டியையும் ஒவ்வொன்றாக அங்கே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறார். நாலு மணிக்குக் கடையை மூடிவிட்டு வந்து விளக்கை அணைத்து, ஆறையும் திரும்ப அக்காவிடம் கொண்டுவருகிறார். அறுபதை நெருங்குகிற ஆள், மண் நிறைந்த தொட்டி. மேல்மூச்சு வாங்குகிறது. எடுத்து வைக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்பதில்லை. தாழ்ப்பாளை அவரே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். அக்காவின் வீக்கம் வடிந்திருக்கிறது. கிட்னி பழையபடி ஆகாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறு நான் போனபோது பாவா மூன்றாவது தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மஞ்சளாக ஒரு சாமந்தி விரிந்திருந்தது, பக்கத்தில் ஏழெட்டு மொட்டு. அரை நாள் இருட்டு கிடைத்ததும் ஆறு தொட்டியும் மொட்டுவிட்டிருந்தன. பாவா அதை அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பூத்துடுச்சேக்கா" என்றேன்.

அக்கா பூவைப் பார்க்கவில்லை. "நான் தோட்டத்துக்குப் போகலடி கன்னி" என்றாள்.

"தெரியும்க்கா."

"இப்பத்தான் தெரியும். நான் அன்னிக்கே சொன்னேன்."

பாவா அடுத்த தொட்டிக்குப் போனார். நானும் எழுந்து போய் அதன் மறுபக்கத்தைப் பிடித்தேன்.