பனிமூட்டத்தில் ஒரு முழங்கை

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்விட்டால், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடுகளில் மிச்சமிருப்பது பூரணி மட்டுந்தான். வயது இருபத்தாறு. உயிரியல் படித்து உயர்தரம் சித்தியடைந்தவள். கம்பஸில் இடம் கிடைக்கும் வெட்டுப்புள்ளியைச் சற்றே எட்டவில்லை. அவளுடைய வேலை என்னவென்று லயத்தில் பலருக்குப் புரியாது. வெளிநாட்டுக் கப்பலொன்று ஆழ்கடலுக்குள் கமெராவை இறக்கிப் படம் பிடிக்கும். அந்த வீடியோக்கள் கொழும்புக் கம்பனியொன்றின் வழியாக அவளுடைய பழைய மடிக்கணினிக்கு வரும். மீன் தெரிந்தால் மீன், கல் தெரிந்தால் கல் என்று கட்டம் போட்டுப் பெயர் எழுத வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கறுப்புத் தண்ணீரில் வெள்ளைத் துகள்கள் இறங்கிக்கொண்டே இருக்கும், நாள் முழுவதும்.

மூன்று தடவை பிழையாக எழுதினால் வேலை போய்விடும். பூரணி ஏற்கெனவே இரண்டு பிழை விட்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, படத்தின் ஓரத்தில் மெல்லிய நூல்கள் சில தொங்கின. ஒன்பது வினாடி, பிறகு இல்லை. அதே வீடியோவை அவளுக்கு முன் பார்த்த மூன்று பேரும் 'வயர்' என்று எழுதியிருந்தார்கள். அவள் 'கணவாய்' என்று எழுதினாள்.

சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த இல்ஹாம் கொழும்பிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, அது கமெரா வயர். மாத்திப் போடுங்க. சும்மா மூணாவது பிழைய வாங்கிக்காதீங்க."

"வயரு வளையும், இல்ஹாம் நானா. இது மடங்குது. முழங்கை மாதிரி."

"கணவாய்க்கு எங்க முழங்கை? நான் சின்னதுல இருந்து கணவாய் திங்கிறவன்."

"நீங்க சட்டியில பாத்தது வேற."

இல்ஹாம் சிரித்துவிட்டார். "சரி, கப்பல்காரங்களுக்கு அனுப்புறேன். பதில் வரும்வரைக்கும் புது வீடியோ வராது, தெரியுந்தானே?"

தெரியும். ஆனால் பனி மூடிய நாளில் தேயிலைக்குள் நிற்பது ஆளா பட்டமரமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். முழங்கையைத்தான் பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கிற கை மடங்கி, தோளுக்குப் பின்னால் கூடைக்குப் போய்த் திரும்பி வரும். மலையில் அம்மாவை அவள் கண்டுபிடிப்பது எப்போதும் அப்படித்தான். இந்த நூல்களும் பக்கவாட்டில் நீண்டு, ஓரிடத்தில் மடங்கி, ஆளுயரத்தைவிட நீளமாகக் கீழே இறங்கின. அப்படியொரு கணவாய் ஆழ்கடலில் இருப்பதாகவும், கண்டவர்கள் மிகச் சிலரே என்றும் அவள் வாசித்திருந்தாள்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அம்மா காளியாயி கேட்டாள்: "தோட்டத்துக் கண்டாக்கையாகிட்ட ஒம் பேரக் குடுக்கவா? திங்கக்கெழமையில இருந்து கொழுந்துக்கு ஆள் எடுக்கிறாங்க."

"ரெண்டு நாள் பொறும்மா."

"பேரப் போட்டு வைக்கிறேன். பதில் வந்தா வெட்டிக்கலாம்."

சனிக்கிழமை காலை இல்ஹாம் அழைத்தார். "கணவாய்தானாம் தங்கச்சி. கப்பல்ல ஈக்கிறவங்க சந்தோசத்துல துள்ளுறாங்க."

"எம் பேரு போடுவாங்களா?"

"பேர் இல்ல. உங்க நம்பர்தான். முப்பத்தெட்டாம் நம்பர் கண்டதுன்னு போடுவாங்க."

லயத்தில் சொல்வதற்கு ஆளில்லை. அவள் மலைக்கு ஏறினாள். பனி இறங்கியிருந்தது. ஒரு முழங்கை மடங்கி நிமிரும்வரை பாதையில் நின்றாள். பிறகு அதை நோக்கி நடந்தாள்.

"அம்மா, நான் எழுதினது சரியாம்."

"அப்ப பேர வெட்டச் சொல்லிர்றேன்." காளியாயியின் கை நிற்கவில்லை. ஒரு பிடி கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு, "எத்தன கணவாய் இருந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணுதான்."

"கூட ஒண்ணும் இல்லயா?"

"இல்லம்மா."

காளியாயி அடுத்த நிரைக்கு நகர்ந்தாள். முதலில் கூடை மறைந்தது, பிறகு கையும்.

பூரணி திரும்பி வந்தபோது லயத்து வாசலில் நாய்கூட இல்லை. புது வீடியோ வந்திருந்தது. நாலரை மணி நேரம். கதவைச் சாத்தாமலே உட்கார்ந்து, முதல் நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.