காலைத் தட்டிவிட்டு இறங்கு

வயலை விட்டு இறங்குமுன் சுவா முதலில் இடது குதிகாலைப் பாறையில் தட்டுவாள், பிறகு வலது. செருப்பு, விரலிடுக்கு, பாவாடை விளிம்பு எல்லாவற்றையும் உதறியாக வேண்டும். உதிர்வது என்னவோ ஒரு சிட்டிகை மண். அதை வழித்துப் பக்கத்துக் குழியில் போட்ட பிறகுதான் அவளுக்கு வீட்டு நினைப்பே வரும்.

வயல் என்றால் சிரிப்பீர்கள். கண்ணுக்கெட்டியவரை கூரிய சாம்பல்நிறப் பாறை. இடையிடையே பானை அளவில், தொட்டி அளவில் குழிகள். அவற்றில் இருக்கும் மண் அங்கே பிறந்ததல்ல. கீழே ஓடைக்கரையிலிருந்து ஒரு மணி நேர ஏற்றம், சுவாவின் முதுகுக் கூடையில் வந்தது. இருபத்தாறு வருஷமாகச் சுமக்கிறாள். குழிக்கு மூன்று நான்கு சோளச்செடி, படர ஒரு பூசணி. நிரப்பிய காலத்தை வைத்து ஒவ்வொரு குழிக்கும் பெயர் உண்டு: கல்யாணக் குழி, மூத்தவள் பிறந்த குழி, புருஷனோடு பேசாத குழி. கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே பெரியது.

"அந்தச் சண்டையை நான் ஆரம்பிக்கலைன்னா இவ்வளவு சோளம் ஏது?" என்பான் புருஷன் பாவ்.

"பேசினது போதும். கூடையைத் தூக்கு."

மேல்விளிம்பில் கம்பிவேலி. இந்தப் பக்கம் வியட்நாம், அந்தப் பக்கம் சீனா. இரண்டு பக்கமும் எங்கள் மொங் இனத்துப் பேச்சுதான். வேலிக்கு அப்பால் சுவாவின் பெரியப்பா மகள் நின்றுகொண்டு, "எங்களுக்கு லாரியில வருதுடி மண்ணு" என்று அலட்டுவாள். "லாரிக்கு முதுகு வலிக்குமா? என்னுது வலிச்சு வந்த மண்ணு" என்பாள் இவள். எல்லைக் காவலர்களும் காலைத் தட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். துப்பாக்கிக்கெல்லாம் அவளிடம் சலுகை கிடையாது.

விதைப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் சாலைப் பொறியாளர் கியென் வந்தான். சமவெளி ஆள். கீழ்ச்சரிவில் பதினோரு குழிகளைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசினான். சாலை அகலமாகப் போகிறது. வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்து அத்தனையையும் பள்ளத்தாக்கில் தள்ளிவிடும். சொல்லிவிட்டுக் காலைத் தட்டாமலே போய்விட்டான். சுவா பின்னாலேயே போனாள். வண்டியில் ஏறப் போனவனை நிறுத்தி, குச்சியால் அவன் பூட்ஸைச் சுரண்டினாள்.

"என்னக்கா இது? ஒரு பிடி மண்ணுக்கா இந்தப் பாடு?"

"ரோடு தாராளமா வரட்டும் தம்பி. பாறையை எடுத்துக்க. மண்ணு என்னுது, அது பள்ளத்துல விழக்கூடாது."

"நடுவுல ரெண்டே நாள்தான் இருக்கு. எப்படி அள்ளுவீங்க?"

"அந்தக் கவலை உனக்கெதுக்கு? நீ வெள்ளிக்கிழமை வா."

மறுநாள் விடியும்போது எங்கள் பதினேழு வீடும் கூடையோடு நின்றன. யாரையும் அவள் கூப்பிடவில்லை. அவள் மண் பள்ளத்தில் விழுந்தால் எங்கள் மண்ணும் விழுந்த மாதிரிதானே. கீழிருந்து அள்ளி, மேலே வெறும் பாறைக் குழிகளில் நிரப்பினோம். பாவ் மூன்று முறை வழுக்கி விழுந்தான். மூன்று முறையும் கூடை கவிழவில்லை. அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் உறுமிக்கொண்டு ஏறி வந்தபோது பத்துக் குழிகள் காலி. புருஷனோடு பேசாத குழியில் மட்டும் இன்னும் பாதி மண் இருந்தது. சுவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அள்ளிக்கொண்டே இருந்தாள். கியென் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு ஓட்டுநரிடம் கையைக் காட்டினான், இயந்திரம் அணைந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு அவனும் குழிக்குள் இறங்கினான்.

"மண்வெட்டியை அப்படியா பிடிப்பாங்க?" என்றாள் சுவா.

"நீங்கதான் சொல்லிக்கொடுங்கக்கா."

உச்சி வேளைக்குக் குழியில் வெறும் பாறை தெரிந்தது. எங்களுக்கு அன்று தலைகால் புரியாத பெருமை; ஆளுக்கொரு கிண்ணம் சோளச் சாராயம் ஊற்றிக்கொண்டோம். சுவா குடிக்கவில்லை. கடைசிக் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே திரும்பினாள்.

கியென் வண்டிக்குப் போக இறங்கினான். பாறை விளிம்பில் நின்றான். யாரும் சொல்லாமலே இடது காலைத் தூக்கிப் பாறையில் தட்டப் போனான்.

சுவா திரும்பி வந்து, கூடையை இறக்கி, அவன் பூட்ஸுக்கு அடியில் பிடித்தாள்.