இடப்பக்கம் ஓர் அடி

யுத்த காலத்தில் நான் திருச்சியில் ரேடியோ அறிவிப்பாளனாக இருந்தேன். நாடகங்களுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நடிகர் வருவார். ஒடிசலான ஆள், வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். பேசும் படங்களில் அரசனாகவும் திருடனாகவும் நடித்தவர். எங்கள் மைக் முன்னால் ஒரே நாடகத்தில் இரண்டு பேராகப் பேசுவார். இடப்பக்கம் ஓர் அடி வைத்தால் அப்பா, வலப்பக்கம் வைத்தால் மகன். கால் நகராமல் அவருக்குக் குரல் மாறாது.

அன்றைக்கு அப்பாவும் மகனும் சண்டை போடும் நாடகம். ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. அவருடைய சொந்த மகன் வராந்தாவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.

நாடகம் முடிந்து வெளியே வந்தவரிடம் சொன்னேன்: "உங்க பையன் வந்திருந்தாரு சார். பட்டாளத்துல சேர்ந்துட்டாராம். போயிட்டு வரேன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

"அவன் எங்கிட்ட பேசி ஆறு மாசமாச்சு. எப்படிச் சொன்னான்?"

எனக்குச் சொல்லிக் காட்டத் தெரியவில்லை. அவரே வலப்பக்கம் ஓர் அடி வைத்து, "போயிட்டு வரேம்ப்பா" என்றார். அச்சாக அவன் குரல்.

பிறகு இடப்பக்கம் நகர்ந்தார். 'போயிட்டு வா' என்று சொல்ல வேண்டியதுதான். வாய் திறந்தது, குரல் வரவில்லை. சற்று முன்புவரை மகனைத் திட்டித் தீர்த்த அந்த அப்பா எங்கே போனார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.